பட்டி: ஆடு அடைப்பதல்ல, சுவரில் பார்ப்பது

ஆட்டை அடைக்கும் பட்டி நம்முடையது. உசிலம்பட்டி, கோவில்பட்டி என்று ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பதும் நம்முடையதே. மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் வந்துவிட்டது. ஆனால் பெயிண்ட் அடிக்கும் முன் சுவருக்கு ‘பட்டி பார்க்கணும்’ என்கிறோமே, அந்தப் பட்டிக்கும் இவற்றுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது ‘putty’ என்று ஆங்கிலம் வழியாக வந்த கடன்சொல். ‘பட்டர்’, ‘கட்டர்’ போல இதிலும் முதல் எழுத்தை அகரமாகக் கேட்டு எழுதிக்கொண்டோம். சிலர் ‘புட்டி’ என்று எழுதுகிறார்கள். அது போத்தல், குழந்தைக்குப் பால் கொடுப்பது.

ஆங்கிலத்துக்கும் இது இரவல்தான். பிரெஞ்சில் ‘பொத்தே’ என்றால் ஒரு பானை நிறைய என்று பொருள். கண்ணாடியையும் உலோகத்தையும் பளபளப்பாக்கத் தேய்க்கும் வெள்ளீய ஆக்சைடுத் தூளுக்கு அந்தப் பெயர் வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்த பிறகு, ஜன்னல் சட்டத்தில் கண்ணாடியைப் பதித்து ஓரம் அடைக்கும் பசைக்கும் அதே பெயர். சுண்ணக்கட்டித் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து செய்வது அது. பழைய வீடுகளின் மர ஜன்னல்களில் கல்லாக இறுகிப்போய்க் கிடப்பதைப் பார்க்கலாம். எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகும்.

சுவர்ப் பட்டியின் கதை வேறு. கடையில் மூட்டையாகக் கிடைப்பது பெரும்பாலும் வெள்ளை சிமெண்டும் நைசான கல்மாவும் பாலிமரும் கலந்த தூள். இது காய்ந்து இறுகுவதில்லை. சிமெண்டும் தண்ணீரும் வினைபுரிந்து இறுகுகிறது. சொந்தமாகப் பட்டி பார்க்க இறங்குகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். மற்ற விதிகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

தூள் பட்டி என்றால் சுவரை முதலில் நனைக்க வேண்டும். வறண்ட சுவர் பட்டியிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் சிமெண்டுக்குத் தண்ணீர் போதாமல், பிறகு கையால் தடவினாலே மாவாக உதிரும். கிலோவுக்கு ஏறக்குறைய 400 மில்லி தண்ணீர். மூட்டையில் போட்டிருக்கும் அளவே கணக்கு. தோசை மாவைவிடக் கெட்டியாக, கட்டியில்லாமல் வர வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பூசி முடிக்கிற அளவுக்கு மட்டும் கலக்குங்கள். வாளியில் இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் ஊற்றி இளக்கிப் பூசினால் அது பிடிக்காது. பட்டி பிளேடைச் சாய்த்துப் பிடித்துக் கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். மெல்லிய இரண்டு பூச்சு போதும், இரண்டும் சேர்ந்தே ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆணி பிடுங்கிய பெரிய குழியைப் பட்டியால் அடைக்க நினைக்காதீர்கள். அதற்குச் சிமெண்ட் கலவை இருக்கிறது. காய்ந்த பிறகு உப்புத்தாள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓதம் ஏறும் சுவருக்கு எந்தப் பட்டியும் உதவாது. உப்புப் பூத்து, பெயிண்டோடு சேர்ந்து உரிந்து விழும். கசிவு எங்கே என்று பார்த்து அதை அடைத்துவிட்டு, சுவர் காய்ந்த பிறகுதான் பட்டி. டப்பாவில் பசையாகவே வரும் அக்ரிலிக் பட்டிக்குச் சுவரை நனைக்க வேண்டியதில்லை, ஆனால் அது வீட்டுக்குள் பூச மட்டும்.

இந்தச் சொல் கார் பட்டறைக்கும் போயிருக்கிறது. ஒடுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவது டிங்கரிங். நிமிர்த்தியும் மிச்சமிருக்கும் பள்ளத்தை நிரப்புவது பட்டி. ‘பட்டி டிங்கரிங் பார்த்து ஓட்டுறது’ என்று மனிதர்களுக்கும் கதைகளுக்கும் கூடச் சொல்கிறோம். இதில் கவனிக்க வேண்டியது ‘பார்ப்பது’ என்ற வினை. வைத்தியம் பார்ப்பது, மராமத்து பார்ப்பது, பட்டி பார்ப்பது. பெயர்தான் கடன், வினை நம்முடையது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? மர வேலைக்குத் தேட வேண்டியதே இல்லை. ‘மக்கு’ என்று தச்சர்கள் சொல்வார்கள். ஆணித்துளையிலும் பலகை இடுக்கிலும் மக்கு வைத்துத் தேய்த்த பிறகுதான் வார்னிஷ். மந்தமானவரைத் திட்டவும் இதே சொல் பயன்படுவதால் எழுதுகிறவர்களுக்குத் தயக்கம் போலும். தேவையற்ற தயக்கம்.

சுவருக்கு ‘சாந்து’ என்று மட்டும் சொன்னால் கொத்தனாரின் கலவை என்றாகிவிடும். ‘காரை’ சுண்ணாம்புப் பூச்சைக் குறிக்கும். செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் கொண்டு கண்ணாடி போல இழைத்த பூச்சு, பட்டி செய்கிற வேலையைச் செய்தது. ஆனாலும் பொருள் வேறு, முறை வேறு. அந்தப் பெயரை இதற்கு ஒட்ட வைக்க எனக்கு மனம் வரவில்லை. என் தேர்வு ‘நிரவு’ என்ற வினை. மேடுபள்ளத்தை நிரப்பிச் சமமாக்குவது நிரவுதல். ஆசிரியர் ‘பணி நிரவல்’ என்று செய்தித்தாளில் வருவதும் இதே சொல்தான். எனவே சுவர்ப் பட்டிக்கு ‘நிரவுச் சாந்து’, மரப் பட்டிக்கு ‘மக்கு’. கட்டுரையிலும் பாடநூலிலும் இவற்றைத் தாராளமாக எழுதலாம். ஹார்டுவேர் கடையில் மட்டும் ‘அஞ்சு கிலோ வால் பட்டி’ என்றே கேளுங்கள்.