‘கேஸ்ட்ரிக்’ என்று சொல்லி வருபவர்களுக்கு

சிங்கப்பூரில் குடும்ப மருத்துவராகப் பணிபுரியும் நான் ஆலோசனை அறையில் மிகுதியாகக் கேட்கும் சொல் ‘கேஸ்ட்ரிக்’. நெஞ்சு எரிந்தாலும் கேஸ்ட்ரிக், சாப்பிட்டவுடன் வயிறு உப்பினாலும் கேஸ்ட்ரிக், இரவுப்பணி முடிந்து வெறும் வயிற்றோடு வீடு திரும்பும்போது மேல்வயிறு பிசைந்தாலும் கேஸ்ட்ரிக்தான். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு ‘இரைப்பை சார்ந்த’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. அது ஒரு நோயின் பெயரன்று. இந்த ஊரில் எல்லா இனத்தவரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றாலும், தமிழர் வாயிலிருந்து கேட்கும்போது எனக்கு வருத்தம் சற்றுக் கூடுதல். எதுக்களிப்பு, புளியேப்பம், பொருமல், உப்புசம், ஓங்கரிப்பு, கடுப்பு என்று வயிற்றின் நிலையை நுட்பமாகப் பிரித்துச் சொல்லும் சொற்கள் நம் பாட்டிமாரிடம் இருந்தன. அவற்றுள் எதைச் சொல்கிறீர்கள் என்பதைக் கொண்டே கோளாறு உணவுப்பாதையின் எந்தப் பகுதியில் இருக்கக்கூடும் என்று மருத்துவரால் ஓரளவு ஊகிக்க முடியும்.

எதுக்களிப்பு என்றால் என் கவனம் உணவுக்குழாயின் அடிமுனைக்குச் செல்லும். ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள அக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசைவளையம் உள்ளது. உணவு இறங்குவதற்குத் திறந்து, உடனே மூடிக்கொள்வது அதன் வேலை. அது தளர்ந்தால் இரைப்பையின் அமிலம் மேலேறி, அதைத் தாங்கும் உறையற்ற உணவுக்குழாயைப் புண்ணாக்கும். உணவு இரைப்பையிலிருந்து வெளியேறப் பொதுவாக 2 முதல் 4 மணி நேரம் ஆகும். எண்ணெய் மிகுந்த உணவானால் இன்னும் கூடும். நள்ளிரவில் பரோட்டாவும் ஆட்டுக்கறிக் குழம்பும் உண்டு அரை மணி நேரத்தில் படுத்துவிடுபவர், அந்தத் தசைவளையத்தின்மீது நிறைந்த பையொன்றைச் சாய்த்து வைக்கிறார். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேர இடைவெளி, கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துதல், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தல் ஆகிய மூன்றாலேயே பலருக்குப் பாதித் தொல்லை குறைந்துவிடுகிறது. அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளை உணவுக்கு அரை மணி நேரம் முன்னதாக விழுங்க வேண்டும். சாப்பிட்ட பிறகு விழுங்கிவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்று வருபவர்கள் அநேகர்.

பொருமலும் உப்புசமும் பெரும்பாலும் குடலைச் சேர்ந்தவை. ஆறு மீட்டர் அளவு நீளமுள்ள சிறுகுடல் செரிக்காமல் விட்டதைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்யும்போதுதான் உண்மையான வாயு உண்டாகிறது. ஆசியர்களில் பெரும்பாலோர்க்கு வயது ஏற ஏறப் பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடுவதால், நாளொன்றுக்கு நான்கு தே தாரிக் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) குடிப்பவரிடம் முதலில் அதை இரண்டு வாரம் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறேன்.

நான் அஞ்சுவது இவற்றை அல்ல. சில ஆண்டுகளுக்கு முன், 50 வயதைக் கடந்த லாரி ஓட்டுநர் ஒருவர் வந்து, நாற்காலியில் அமர்வதற்கு முன்பே, “டாக்டர், மூணு மாசமா கேஸ்ட்ரிக். அந்த வெள்ளை மருந்து மட்டும் எழுதிக் கொடுங்க, வண்டிய கீழ நிறுத்திட்டு வந்திருக்கேன்” என்றார். கதவிலிருந்து நாற்காலிக்கு நடந்ததற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெள்ளைத்தாள் போல வெளுத்திருந்தது. வேறு மருந்து ஏதும் எடுக்கிறாரா என்று கேட்டதும், சட்டைப்பையிலிருந்து பாதி தீர்ந்த டைக்ளோஃபினாக் அட்டை ஒன்றை எடுத்தார். மூட்டுவலிக்காக மச்சான் ஊரிலிருந்து வாங்கி வந்ததாம், தினமும் இரண்டு.

“அண்ணே, மோஷன் என்ன நிறத்துல போகுது?” என்று கேட்டேன். தலையைத் தாழ்த்திக்கொண்டார். சிறிது நேரம் கழித்து, “கறுப்பாத்தான் போகுது. கோப்பி-ஓ நெறைய குடிக்கிறேன்ல, அதனால இருக்கும்” என்றார்.

கோப்பியால் மலம் தார்போல் ஆவதில்லை. மேல் உணவுப்பாதையில் கசியும் இரத்தம் அமிலத்தோடும் செரிமான நீரோடும் கலந்து, குடல் முழுவதும் பயணம் செய்து வெளிவரும்போது கறுத்துப் பளபளத்து, கழிப்பறைக் கோப்பையில் ஒட்டிக்கொண்டு, ஒருமுறை முகர்ந்தால் மறக்க முடியாத கெட்ட நாற்றம் வீசும். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்றாலும் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் அதில் இரா. அன்று மாலையே அவர் மருத்துவமனையில் சேர்ந்தார். ஆண்களுக்கு 13-க்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அவருக்கு 6.8 மட்டுமே இருந்தது; எண்டோஸ்கோப்பியில், சிறுகுடலின் தொடக்கத்தில் இரத்தம் கசியும் புண் ஒன்று தெரிந்தது.

டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணிகள் இரைப்பையின் உட்புறத்தைக் காக்கும் கோழைப்படலத்தை மெலியச் செய்கின்றன. அவருக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியும் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1980-களின் தொடக்கத்தில் இக்கிருமியை அடையாளம் காட்டும்வரை, காரமும் கவலையுமே குடற்புண்ணுக்குக் காரணம் என்று மருத்துவ உலகமே நம்பியிருந்தது. மார்ஷல் 1984-இல் அக்கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் இன்றும் என் நோயாளிகள் மிளகாயை மட்டும் நிறுத்திவிட்டுப் புண் ஆறும் என்று காத்திருக்கிறார்கள். கிருமி இருந்தால், அமிலம் குறைக்கும் மருந்தோடு நுண்ணுயிர்க்கொல்லிகளையும் வழக்கமாக 14 நாள் விடாமல் உண்ண வேண்டும். கிருமி முற்றிலும் ஒழிந்ததா என்பதை, சிகிச்சை முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையால் உறுதிசெய்ய வேண்டும். வலி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிட்டால், மிஞ்சிய கிருமி அம்மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மேல்வயிற்றிலோ நடுநெஞ்சிலோ அழுத்தம் தோன்றி, உடல் வியர்த்து, படியேறினால் கூடி, தாடைக்கோ கைக்கோ பரவினால், அது மாரடைப்பாக இருக்கலாம். கோடாலித் தைலம் தடவி, ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு விடியட்டும் என்று காத்திராமல் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலி மங்கலாகவே தெரியலாம்.

‘கேஸ்ட்ரிக்’ மேல்வயிற்றை மூடி மறைப்பது போலவே கீழ்வயிற்றை மூடி மறைக்கும் இன்னொரு சொல் ‘மூலம்’. மலத்தில் சிவப்பாக எது தெரிந்தாலும் மூலம் என்று சொல்லி வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். பெருங்குடல் புற்றுநோய் சிங்கப்பூரில் மிகப் பரவலான புற்றுநோய்களுள் ஒன்று. அது பெரும்பாலும் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்கிப் புற்றாக மாறப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அந்த அவகாசத்தில் பாலிப்பை அகற்றிவிட்டால் அது புற்றாவதையே தடுத்துவிடலாம். அதற்காகவே 50 வயதை எட்டிய குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம், மலத்தில் இரத்தம் உள்ளதா என்று பார்க்கும் ‘ஃபிட்’ பரிசோதனைப் பெட்டியை இலவசமாக வழங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையும் அது கண்டறியும். உணவுக் கட்டுப்பாடு ஏதும் தேவையில்லை. மலம் தண்ணீரில் விழாதவாறு தாளில் ஏந்தி, குச்சியால் மேற்பரப்பைச் சுரண்டிக் குப்பிக்குள் செருகி மூட வேண்டும். இரண்டு வெவ்வேறு நாள்களில் இவ்வாறு செய்து, ஆண்டுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் வந்திருந்தால் 50 வரை காத்திராமல் மருத்துவரிடம் பேசுங்கள்.

அறுபதைக் கடந்த அம்மா ஒருவர் அந்தப் பெட்டியைச் சமையலறை இழுப்பறையில், மசாலாப் பொட்டலங்களுக்கு அடியில், இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தார். மகளின் வற்புறுத்தலால் ஒருவழியாக அனுப்பினார். இரத்தம் இருப்பதாக முடிவு வந்தது. “எனக்குத்தான் மூலம் இருக்கே டாக்டர், அதுல வந்திருக்கும். எதுக்கு அந்தக் குழாயெல்லாம்?” என்று, பெருங்குடலுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோப்பிக்கு மறுத்தார். மூன்று முறை பேசிய பிறகே இசைந்தார். அவர் சொன்னதுபோல் மூலம் இருந்தது. அதற்கு மேலே நாற்பது சென்டிமீட்டர் தள்ளி, வேர்க்கடலை அளவில் ஒரு பாலிப்பும் இருந்தது.