நெர்ன்ஸ்ட் வருகிறது, துத்தநாக வினை வரவில்லை

மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி இருக்கிற காரைக்குடியில் வேதியியல் பாடக்குறிப்பு எழுதினால் மின்முனை வினைகள் வந்தே தீரும். அதை இணையப் பக்கமாகப் போடும்போது, நெர்ன்ஸ்ட் சமன்பாடு, உலாவியில் சமன்பாடுகளை வரைந்து காட்டும் மேத்ஜாக்ஸ் நிரலில் அழகாக விழும். கீழே உள்ள துத்தநாக வினை மட்டும் சொதப்பும். உடனே சமன்பாட்டைத் திருத்த உட்காராதீர்கள். பெரும்பாலும் கோளாறு ஃபோல்டரில்தான்.

மேத்ஜாக்ஸ் 3-இன் வழக்கமான தொகுப்பு எல்லா நீட்சிகளையும் (கூடுதல் கட்டளைகளுக்கான கோப்புகளை) முதலிலேயே இறக்குவதில்லை. வேதி வினைக்கான ‘சிஇ’ கட்டளையை முதன்முதலாகப் பார்த்ததும், ஆட்டோலோடு என்ற பகுதி எம்ஹெச்கெம் என்ற வேதியியல் நீட்சிக் கோப்பைப் போய் எடுத்து வரும். தேவகோட்டையில் செல்போனில் படிக்கிற பிள்ளைக்கு இது லாபம்தான். வேதியியல் இல்லாத பக்கத்துக்கு அந்தக் கோப்பே இறங்காது.

ஆனால் எடுத்து வர அங்கே கோப்பு இருக்க வேண்டுமே! கல்லூரி சர்வரில் முதன்மைக் கோப்பை மட்டும் காப்பி செய்து வைத்தால், சாதாரணக் கணக்கு ஓடும், நீட்சி கேட்ட இடத்தில் நிற்கும். உலாவியில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். எம்ஹெச்கெம் வரிக்கு நேராக 404 (கோப்பு கிடைக்கவில்லை) இருந்தால் இதுதான் காரணம். மேத்ஜாக்ஸின் இஎஸ்5 ஃபோல்டரை எழுத்துருக்களோடு முழுதாக வையுங்கள்.

அடுத்தது, ‘விடையைக் காட்டு’ பொத்தான். பின்னால் சேர்க்கும் சமன்பாட்டுக்கு ‘டைப்செட்’ என்று அழைத்தால், கோப்பு வந்து சேரும்வரை அது காத்திருக்காது. ‘மேத்ஜாக்ஸ் ரீட்ரை’ என்று பிழை காட்டும். மறுபடி அழுத்தினால் சரியாக வரும், அதற்குள் கோப்பு இறங்கியிருக்கும். சோதித்தவர் கண்ணுக்குத் தப்புவது இதனால்தான். ‘டைப்செட்பிராமிஸ்’ போடுங்கள்.

நீட்சியை முன்கூட்டியே ஏற்றுகிறவர்கள், மேத்ஜாக்ஸ் அமைப்பில் உள்ள லோடர் பட்டியலில் சேர்த்தால் மட்டும் போதாது, டெக்ஸ் பகுதியின் ‘பேக்கேஜஸ்’ பட்டியலிலும் சேர்க்க வேண்டும். அங்கே ‘[+]’ என்ற கூட்டல் குறி அடைப்பை விட்டுவிட்டால் அடிப்படைப் பட்டியலே அழிந்து, பின்னம்கூட வராது.

இயற்பியல் குறியீடுகளுக்கான பிசிக்ஸ் நீட்சியைத் தானாக ஏற்றும் பட்டியலில் வைக்கவில்லை. சரியான முடிவு. ‘ரிக்வயர்’ போட்டு அதை அழைத்தால், ‘டிவ்’ கட்டளையின் பொருளே மாறிவிடும்: பக்கத்தில் அந்த ‘ரிக்வயர்’ வரிக்கு முன்பு ÷ குறியாக இருந்தது, அதற்குப் பின் நாப்லாவும் (∇) புள்ளியுமாக வரும். ஒருமுறை ஏறினால் பக்கத்தை மூடும்வரை இறங்காது. அப்படிப்பட்ட பக்கத்தில் ÷ குறியை நேரடியாகவே ஒட்டிவிடலாம்.