முகத் துடிப்பா, முக வலிப்பா?

இடக்கண்ணின் கீழிமை ஒரு வாரமாகத் துடித்துக்கொண்டிருந்ததால் மருத்துவரிடம் போய்வந்த என் அக்கா, அங்கே கொடுத்த விளக்கத் தாளை என்னிடம் நீட்டி, "தம்பி, எனக்குக் காக்காய் வலிப்பா?" என்று கேட்டார். ‘தன்னிச்சையான முக வலிப்பு: உடல், மனக் காரணங்கள்’ என்பது அந்தத் தாளின் தலைப்பு. இந்தச் சொற்சேர்க்கையை நாளிதழ் நலப் பக்கங்களிலும் பலமுறை பார்த்துப் பொறுத்திருக்கிறேன்; ஒருவரை அச்சுறுத்திய பிறகு பொறுப்பதற்கில்லை.

துடித்தல் என்றால் தசையோ உறுப்போ விட்டுவிட்டு விரைந்து அசைதல். சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூரெடுத்த காதை முடியுமிடத்தில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. அழுகை முட்டும்போது உதடும் சினத்தில் மீசையும் துடிப்பதாக இன்றும் சொல்கிறோம். உடல் காரணத்தையும் மனக் காரணத்தையும் ஒருசேரத் தாங்கும் சொல் இருக்கும்போது வேறொன்றை ஏன் தேடினார்கள் என்பது விளங்கவில்லை.

வலிப்பு என்பாருக்கும் ஒரு நியாயம் உண்டு. வலித்தல் என்றால் இழுத்தல். துடுப்பு வலித்தல் என்பது அப்பொருளில்தான். தசை தானாக இறுகி இழுபடுவதைக் குறிக்கும் ஸ்பாசம் என்ற மருத்துவச் சொல்லின் கிரேக்க வேரும் இழுத்தலையே குறிக்கிறது. ஆகவே வேர்ப்பொருள் பொருந்துகிறது என்பது அவர்கள் வாதம். வேர் பொருந்தலாம், ஆனால் அச்சொல் நெடுங்காலமாக மூளையின் மின்னோட்டக் கோளாற்றால் வரும் நோய்க்கே உரியதாகிவிட்டது. மேலும், முகத்தில் உண்மையாகவே வலிப்பு வருவதுண்டு: மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்பு, வாயோரம் வெட்டி வெட்டி இழுப்பதாக மட்டுமே வெளிப்பட்டு, சிலருக்கு அந்தப் பக்கத்துக் கைக்கும் பரவும். தூக்கம் கெட்டதால் இமை துடிப்பதையும் முக வலிப்பு என்றே எழுதிவிட்டால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய இந்த நோயாளிக்கு எந்தச் சொல்லை மிச்சம் வைக்கிறோம்? போதாததற்கு, வலிப்பு என்றதும் பலர் காதில் வலியும் சேர்ந்தே விழுகிறது. முகத்தில் மின்னல் வெட்டியதுபோல் வரும் கடும் வலி ஐந்தாம் மூளை நரம்பைச் சார்ந்தது. முகத் தசைகளை அசைப்பது ஏழாம் நரம்பு. ஒரு சொல் இரண்டையும் குழப்புமானால் அது எவ்வளவு தூய தமிழாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அக்காவுக்கு இருந்தது மிக எளிய வகை. உறக்கக் குறைவு, களைப்பு, காப்பி, தேநீர் மிகுதி, மனப் பதற்றம் ஆகியவற்றால் ஒரு பக்கத்து இமை மட்டும் மெல்லத் துடிப்பது. பெரும்பாலும் சில நாள்களிலோ வாரங்களிலோ தானே அடங்கும். இதற்கு இமைத் துடிப்பு என்பதே போதும். இன்னொரு வகையில், மூளைத்தண்டிலிருந்து ஏழாம் நரம்பு வெளிப்படும் இடத்தில் ஓர் இரத்தக் குழாய் அதை அழுத்துவதால், கண்ணைச் சுற்றித் தொடங்கும் அசைவு கன்னத்துக்கும் வாயோரத்துக்கும் இறங்கி, உறக்கத்திலும் நிற்காமல் தொடரும். இங்கே முகம் உண்மையிலேயே ஒரு பக்கமாக இழுபடுகிறது. ஆகவே ஒருபக்க முக இழுப்பு எனலாம். இழுப்பு என்றால் மூச்சிழுப்பு நினைவுக்கு வருமே என்பாருக்கு, முன்னால் ‘முக’ என்று நிற்கையில் அந்தக் குழப்பம் எழாது என்பதே என் விடை. சுண்ணாம்புச் சத்து இரத்தத்தில் குறைந்தவருக்குக் காதின் முன்புறம் விரலால் தட்டினால் முகம் வெட்டித் துடிக்கும். 1876இல் குவோஸ்டெக் என்ற மருத்துவர் கண்ட குறி அது. அதுவும் துடிப்புத்தான்.

தலைப்பின் முதற்சொல் இன்னும் மோசம். தன்னிச்சை என்றால் தன் விருப்பம்; தன்னிச்சையாகத் திரிகிறான் என்றால் மனம்போனபடி திரிகிறான் என்று பொருள். விருப்பத்துக்குக் கட்டுப்படாத அசைவைத் ‘தன்னிச்சையான’ என்று எழுதுவது, அக்கா வேண்டுமென்றே கண்ணைத் துடிக்கவிட்டார் என்பதற்கு ஒப்பாகும். ‘தானாக’ என்ற மூன்றெழுத்துச் சொல்லை மொழிபெயர்ப்பாளர்கள் ஏனோ தாழ்வாக எண்ணுகிறார்கள்.

மனக் காரணம் என்ற இடத்தில் தாள் ‘மன அழுத்தம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறது. அச்சொல்லை நம்மவர்கள் வேலை நெருக்கடிக்கும் எழுதுகிறார்கள், மனச்சோர்வு நோய்க்கும் எழுதுகிறார்கள். படிப்பவர் எதை எடுத்துக்கொள்வது? பதற்றம் இமைத் துடிப்பைத் தூண்டக்கூடும். நரம்பு அழுந்துவதால் வரும் இழுப்பை அது உண்டாக்குவதில்லை, மிகுவிக்கிறது. இவ்வேறுபாட்டைத் தாள் தொடவே இல்லை.

டிக் எனப்படும் வகைக்கு மட்டும் என்னிடம் நல்ல தமிழ்ச் சொல் இல்லை. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் தொடங்குவது. கண்ணைச் சிமிட்டவோ மூக்கைச் சுளிக்கவோ உள்ளே ஓர் உந்துதல் எழும். சிறிது நேரம் அடக்கலாம், பிறகு மீறும். துடிப்பு என்றால் அந்த உந்துதல் விடுபடுகிறது. சுளிப்பு என்றால் அருவருப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது. நடுக்கம் என்று சிலர் எழுதுவது முழுப் பிழை, நடுக்கம் தாளம் தவறாத அசைவு. நல்ல சொல் கிடைக்கும்வரை டிக் என்றே எழுதுவேன்.