ரேகை ஏன் விழுவதில்லை?

காரைக்குடிப் பக்கத்து ரேஷன் கடைகளில் வரிசை நகராமல் நின்றால் அதற்கு சர்வர் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. முன்னால் ஒரு ஆச்சியோ கொத்தனாரோ கைரேகைக் கருவியில் ஒவ்வொரு விரலாக மாற்றி வைத்துக்கொண்டிருப்பார். "நல்லாத் துடைச்சிட்டு அழுத்தி வைங்க ஆச்சி" என்பார் விற்பனையாளர். திரும்பவும் ரேகை விழாது. கருவி அவரை வேறு ஆள் என்று சொல்லிவிட்டதாகப் பின்னால் நிற்பவர்கள் நினைப்பார்கள். கருவிக்கு அவ்வளவு தெரியாது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது புரியும்.

விரலை வைக்கும் கண்ணாடிக்கு அடியிலிருந்து சாய்வாக ஒளி பாய்கிறது. மேலே காற்று மட்டும் இருந்தால் அந்த ஒளி முழுவதும் உள்ளுக்குள்ளேயே திரும்பிவிடும். முழு அக எதிரொளிப்பு என்று பள்ளியில் படித்தது இதுதான். ரேகையின் மேடு கண்ணாடியைத் தொடும் இடத்தில் ஒளி தோலுக்குள் போய்விடுவதால் அங்கே கருப்பாகத் தெரியும். பள்ளங்களில் காற்று இருப்பதால் வெளுப்பாகத் தெரியும். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் சுமார் அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. தோல் வறண்டிருந்தால் மேடு சரியாக ஒட்டாமல் கோடுகள் துண்டு துண்டாகும். விரல் நனைந்திருந்தால் பள்ளத்திலும் தண்ணீர் நிறைந்து எல்லாம் ஒரே கருந்திட்டாகும். வயதானவர்களுக்குத் தோல் தளர்ந்து, வியர்வை குறைந்து, மேடுகளும் தட்டையாகியிருக்கும்.

இனி, காரைக்குடிக்கு அருகே தரைக்கல்லுக்குப் பேர்போன ஆத்தங்குடிக்குப் போவோம். அங்கே தரைக்கல் செய்பவர் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றுவார். அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கலவையை நிரப்பி அழுத்துவார். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறித்தான் கல் இறுகும். ஈரச் சிமெண்டின் காரத்தன்மை 12 பிஎச்சுக்கும் மேல். அது தோலின் மேலடுக்கை அரிக்கும், மிச்சத்தை மணல் தேய்க்கும். செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு வேலை பார்ப்பவர்களின் கைக்கும் இதே கதிதான். நல்ல வேளையாக, ரேகையின் வேர் தோலின் அடியடுக்கில் இருக்கிறது. தாய் வயிற்றில் நாலாவது மாதத்தையொட்டியே அது அமைந்துவிடுகிறது. கைக்கு ஓய்வு கிடைத்தால் தேய்ந்த ரேகை மறுபடி தலைகாட்டும். ஓய்வுதான் கிடைப்பதில்லை.

சரி, படம் கிடைத்துவிட்டது. அப்புறம் மென்பொருள் அதில் கோடு முடியும் இடங்களையும் இரண்டாகப் பிரியும் இடங்களையும் குறித்துக்கொள்கிறது. அந்தப் புள்ளிகள் முன்பு பதிந்த புள்ளிகளோடு எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. குறித்த எல்லையைத் தாண்டினால் 'ஆம்', தாண்டாவிட்டால் 'இல்லை'. அந்த எல்லையை வைப்பது மனிதர்கள். சல்லடைக் கண்ணைச் சிறிதாக்கினால் கல் விழாது, அரிசியும் விழாது. அதுபோல அடுத்தவர் நுழையக்கூடாது என்று எல்லையை உயர்த்தும்போது உரியவர்களும் கொஞ்சம் பேர் வெளியே நிற்கிறார்கள். இரண்டு பிழைகளையும் ஒரேயடியாகப் பூஜ்ஜியமாக்க வழியில்லை.

2018ல் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையம் காட்டிய விளக்கத்திலேயே, அரசுச் சேவைகளில் சரிபார்ப்பு வெற்றி 88 சதவீதம் என்றுதான் இருந்தது. தோற்ற எல்லோருக்கும் பொருள் மறுக்கப்பட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனாலும் அந்த மீதியில் யார் அதிகம் இருப்பார்கள் என்பதை மேலே சொன்ன கைகளே காட்டிவிடும். ஆயுள் முழுக்க உழைத்தவரிடம் போய், உழைத்துத் தேய்ந்த விரலைக் காரணம் காட்டி அரிசி இல்லை என்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

நம் கைபேசியும் விரலைக் கேட்கிறதே என்று கேட்கலாம். பெரும்பாலான கைபேசிகளில் அந்தப் பதிவு கருவிக்குள்ளேயே, தனியாகப் பூட்டிய பகுதியில் இருக்கும். விரல் பொருந்தாவிட்டால் உடனே பின் நம்பர் கேட்கும். ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி எப்போதும் திறந்திருக்கிறது. ஆதார் சரிபார்ப்பில் விரல் விவரம் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கப்பட்டு மையக் கணினிக்குப் போய், பதில் மட்டும் திரும்பி வருகிறது. இங்கே மாற்று வழி இருப்பதைக் கடைக்காரர் சொன்னால்தான் பலருக்குத் தெரியும்.

இன்னொரு விஷயமும் உண்டு. பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிவிடலாம், விரலை மாற்ற முடியாது. செட்டிநாட்டில் ஒரு பெரிய வீட்டை விற்றாலே பத்திரத்தில் பங்காளிகள் அத்தனை பேரின் பெருவிரல் ரேகையும் விழும். வட மாநிலங்களில் இப்படிப்பட்ட பத்திரங்களிலிருந்து ரேகையை நகலெடுத்து, போலி விரல் செய்து, வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்த வழக்குகள் பதிவாகியுள்ளன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்ற அமர்வின் 9 நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். அதை டெல்லிச் செய்தியாக மட்டும் பார்த்துவிட முடியாது, நம் வீட்டுப் பத்திரப் பெட்டி வரைக்கும் அது வருகிறது.

ஆதார் ஆணையத்தின் கைபேசிச் செயலியில் கைரேகையையும் கருவிழியையும் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஆதாரோடு இணைந்த கைபேசி எண் இன்னும் அவர்கள் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடையில் ரேகை விழாவிட்டால் விரலைத் துடைத்து வேறு விரலை வைத்துப் பார்க்கலாம். அதற்கும் விழாவிட்டால் ஓடிபியோ கருவிழியோ வேறு வழியோ உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். கருவி தோற்றது என்பதற்காக உரியவருக்குப் பொருளை மறுக்கக்கூடாது.