பிளக் ஸ்பானர்: முடுக்கு என்ற சொல் கைகொடுக்கும் இடம்

திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டை ஒட்டி அத்தானுக்கு முருங்கைத் தோட்டம் இருக்கிறது. செம்மணலில் பைக் சக்கரம் பாதிவரை இறங்கிவிடும். அதனால் உரமூட்டையும் தண்ணீர்க் கேனும் சுமக்கப் ஏ.டி.வி. என்கிற, எந்தத் தரையிலும் ஓடும் பழைய வண்டி ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார். நாலு சக்கரமும் பலூன் மாதிரி உப்பிய டயர். மணலில் மிதந்து போகும். போன மாசியில் அது கிளம்பாமல் நின்றுவிட்டது. எஞ்சினில் பொறி விடும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம் என்றால் அதற்குரிய ஸ்பானர் இல்லை. பைக்கோடு வந்த ஸ்பானர் பிளக் தலையில் ஏறவே இல்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி கொடுத்த பழைய புல்லட் ஸ்பானர் ஏறியது, ஆனால் பிடிக்காமல் சும்மா சுற்றியது. அன்று மாலை முழுக்க ‘ஸ்பானர், ஸ்பானர்’ என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் இந்தச் சொல்லைத் தோண்டிப் பார்க்கும் ஆசை வந்தது.

ஸ்பானர் ஜெர்மன் மொழிச் சொல். ‘ஷ்பன்னன்’ என்றால் இழுத்து இறுக்குதல். வில்லின் நாணை ஏற்றுவதற்கும் இதுவே வினை. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனபோது ஸ்பானர் மரை திருகும் கருவியாக இருக்கவில்லை. அந்தக் காலத்துச் சக்கரத் துப்பாக்கியில் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஒரு சிறு எஃகுச் சக்கரம் இருக்கும். ஸ்பானர் என்ற சாவியைப் போட்டு அதை முறுக்கி வைப்பார்கள். விசையை இழுத்ததும் சக்கரம் விர்ரென்று சுழன்று பைரைட் கல்லில் உரசும், பொறி பறக்கும், மருந்து பற்றும். பொறிக்காகப் பிறந்த கருவிதான் ஸ்பானர் என்று தெரிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. போல்ட், நட்டு கழற்றும் கருவி என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. நாம் பிளக் ஸ்பானரைக் கையில் எடுக்கும்போது, அந்தச் சொல் மறுபடி தன் பழைய வேலைக்கே திரும்புகிறது.

‘பிளக்’ டச்சுக்காரர்கள் பக்கத்துச் சொல். பீப்பாய் ஓட்டையை அடைக்கும் தக்கை. ஸ்பார்க் பிளக்கும் எஞ்சின் தலையில் உள்ள ஓட்டையை அடைத்துக்கொண்டுதான் உள்ளே பொறி விடுகிறது. 1860இல் லெனுவார் என்பவர் தம் வாயு எஞ்சினில் மின்பொறியால் எரிபொருளைப் பற்றவைத்தார். எழுத்துத் தமிழில் ‘தீப்பொறிச் செருகி’ என்கிறோம். கொண்டையில் பூச்செருகுவோம், கூரையில் அரிவாளைச் செருகுவோம். செருகியதை இழுத்தால் வந்துவிடும். இதுவோ மரையில் ஏறி உட்கார்ந்து வெடிப்பைத் தாங்குவது. ஆனாலும் சொல் பழகிவிட்டது, இருக்கட்டும்.

இனி ஸ்பானருக்கு வருவோம். ‘குறடு’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. குறடு கொல்லன் பட்டறையில் பழுத்த இரும்பைக் கவ்வுவது; அதன் வேலை கவ்வுதல். ஸ்பானர் எதையும் கவ்வாது. அளவாக உட்கார்ந்து திருப்பும். அன்று அவசரத்தில் ஒருவர் கட்டிங் பிளையரால் அந்தப் பிளக்கைக் கவ்வ, வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்தது. பிளக் அதோடு வீண். குறட்டுக்கும் ஸ்பானருக்கும் உள்ள வேற்றுமை அந்தக் கீறலிலேயே இருக்கிறது. ‘திருகுசாவி’ பரவாயில்லை. ஆனால் நம் ஊரில் யாராவது “சாவியைப் போட்டுத் திருகு” என்று ஸ்பானரைச் சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

நம்மவர்கள் சொல்வது ‘முடுக்கு’. மறுநாள் வந்த மெக்கானிக் தன் பையனிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஏலே, மொதல்ல கையால முடுக்கு. பொறவு ஸ்பானரப் போடு.” ஷ்பன்னன் என்ற வினைக்கு இதைவிட நேரான தமிழ் கிடையாது. முடுக்குவது முடுக்கி. திருப்பும் உளி திருப்புளி ஆனதுபோல இயல்பாகப் பிறக்கும் சொல். நெல்லைக்காரருக்கு இன்னொரு முடுக்கும் தெரியும்: இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் போகும் சந்து. மூலைமுடுக்கு என்பதில் எல்லாத் தமிழரும் அதைச் சொல்கிறார்கள். ஏ.டி.வி.யில் பிளக் உட்கார்ந்திருக்கும் இடம் அச்சு அசல் அந்த முடுக்குதான். டேங்குக்கும் பிளாஸ்டிக் மூடிக்கும் அடியில், ஆழமான குழிக்குள் கிடக்கிறது. சாதாரண பாக்ஸ் ஸ்பானரைப் போட்டால் உட்சுவரில் பீங்கான் இடிக்கும், வெளிச்சுவர் குழியில் முட்டும். நீளமான, தகடு மெலிந்த குழாய் வேண்டும். உள்ளே பிளக்கைப் பிடித்துத் தூக்க ஒரு ரப்பர் வளையம் இருந்தால் நல்லது.

ஒரு சிக்கல் உண்டு. ஆக்சிலரேட்டரையும் முடுக்கி என்கிறோம். ஒரே வண்டியில் இரண்டு முடுக்கி குழப்பும். ஆகவே பொதுவான ஸ்பானருக்கு மரைமுடுக்கி, குழாய் வடிவில் இருக்கும் பிளக் ஸ்பானருக்குக் குழல்முடுக்கி என்பது என் முடிவு.

எந்த அளவுக் குழல்முடுக்கி வேண்டும்? பிளக்கிலேயே பதில் இருக்கிறது. என்.ஜி.கே. கம்பெனி பிளக் என்றால் தொப்பியைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பீங்கானில் உள்ள எழுத்தைப் படிக்கலாம். முதலெழுத்து ‘சி’ (C) என்றால் மரையின் விட்டம் 10 மி.மீ., ஸ்பானர் உட்காரும் ஆறுபட்டைத் தலை 16. ‘டி’ (D) என்றால் மரை 12, தலை பெரும்பாலும் 18. ‘பி’ (B) என்ற எழுத்து மட்டும் என்றால் மரை 14, தலை ஏறத்தாழ 21. ‘பி’யை அடுத்து ‘சி’ வந்தால் மரை 14, தலை 16. அத்தானின் வண்டியில் இருந்தது ‘டி’. பைக் ஸ்பானர் 16, புல்லட் ஸ்பானர் 21. இரண்டுக்கும் நடுவே 18 எங்கள் யாரிடமும் இல்லை. மெக்கானிக்கின் பெட்டியில் இருந்தது.

அவர் பிளக்கைத் தொடுவதற்கு முன் சைக்கிள் பம்பால் குழிக்குள் காற்றடித்தார். தேரிச் செம்மணல் ஒரு கைப்பிடி எழும்பி எங்கள் முகத்தில் விழுந்தது. ஊதாமல் கழற்றியிருந்தால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டனையும் சுவரையும் அரைத்திருக்கும். எஞ்சின் ஆறியிருக்கிறதா என்றும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அலுமினியத் தலை சூடாக இருக்கும்போது மரை உரிந்து வரக்கூடும். புதுப் பிளக்கைப் பையன் கையாலேயே அடிவரை ஏற்றினான். அதன்பின் குழல்முடுக்கியில் குறுக்குக் கம்பியைச் செருகி அரைச் சுற்று. வாஷர் நசுங்கிப் படிய அது போதும். பையன் இன்னும் கொஞ்சம் அழுத்தப் போனான். “போதும்லே, முடுக்கியாச்சு” என்று அவர் கம்பியை உருவிவிட்டார்.