புகை அடிக்க முதல் ஒரு கணக்கு பாப்பம்

ஜனவரி பிறந்தா போதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ) என்ட ஃபோன் ஓயாது. "பி.எச்.ஐ ஐயா, எங்கட ஒழுங்கையில ரெண்டு பேருக்கு டெங்கு, புகை அடிக்க எப்ப வாறீங்க?" வாறன், வராம எங்க போறது. ஆனா அந்தப் புகை அண்டைக்குப் பறந்து திரியிற நுளம்பைத்தான் கொல்லும், அலுமாரிக்குப் பின்னால இருக்கிறதுக்கும் தண்ணிக்குள்ள நெளியிற குடம்பிக்கும் ஒண்டும் ஆகாது, நாளைக்கு அதுல இருந்து புதுசு கிளம்பும்.

காய்ச்சல்காரருக்கு நுளம்பு குத்தினது நாலுல இருந்து பத்து நாளைக்கு முதல். அந்த நுளம்புக்குள்ள வைரஸ் வளந்து மத்தவருக்குக் குடுக்க 8 - 12 நாள். அதுக்கும் முதல் முட்டையில இருந்து நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள். கூட்டிப் பாருங்க, நீங்க ஃபோன் எடுக்கேக்க அந்தத் தண்ணி தேங்கி கிட்டத்தட்ட மூணு கிழமை, சிலவேளை ஒரு மாசம். அதாலதான் நான் மாரி தொடங்கின உடனேயே, ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லாத நவம்பர்லயே வந்து கதவைத் தட்டுறன். அப்ப கேட்டைத் திறக்கத்தான் ஆள் இல்ல.

2016 செப்டம்பர்ல இலங்கை மலேரியா இல்லாத நாடு எண்டு உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லிச்சு, எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோசம். அடுத்த மார்ச்சில திருகோணமலைப் பக்கம் கிண்ணியா டெங்குல துவண்டு போய் பள்ளிக்கூடங்களைக்கூட மூடினாங்க. அந்த வருசம் நாடு முழுக்க 1,86,000க்கு மேல டெங்குக் கேஸ். அதுக்குப் பிறகுதான் இந்தக் கணக்குப் பைத்தியம் எனக்குப் பிடிச்சது, இரவிரவா முழிச்சிருந்து, டெங்கு எவ்வளவு பரவும் எண்டு கணக்குப் பாக்க ஒரு எக்செல் ஷீட் செஞ்சன். ஃபோர்முலா என்ட இல்ல, நுளம்புக்குள்ள மலேரியாக் கிருமியைக் கண்டுபிடிச்ச ரொனால்ட் ரொஸ் 100 வருசத்துக்கு முதல் தொடங்கி வச்சது, பிறகு மக்டொனால்ட் எண்டவர் வளத்தெடுத்தது. எல்லா நுளம்பையும் கொல்லத் தேவையில்ல, ஒரு அளவுக்குக் கீழ கொண்டு வந்தா நோய் தானா அடங்கும் எண்டு ரொஸ் அப்பவே கணக்கால காட்டிட்டார்.

அதுல ஒரு விசயம் என்னை உலுக்கிட்டுது. நுளம்பின்ட எண்ணிக்கையை பாதியாக்கினா பரவலும் பாதியாகும், அவ்வளவுதான். ஆனா குத்துறதை பாதியாக்கினா பரவல் கால்வாசிக்கு வந்துரும், ஏனெண்டா நோய் பரவ நுளம்பு ரெண்டு தரம் குத்த வேணும், ஒண்டு எடுக்க, ஒண்டு குடுக்க. முதல் குத்து காய்ச்சல்காரருக்கு, ரெண்டாவது பக்கத்தில இருக்கிற பிள்ளைக்கு. டெங்கு நுளம்பு பகல்ல குத்துறது, காலையிலயும் பின்னேரமும்தான் கூட. நாங்க என்னடா எண்டா இரவில நெட் போட்டுட்டு பகல்ல காய்ச்சல்காரரை ஹோல்ல டீவிக்கு முன்னால படுக்க வைக்கிறம்! காய்ச்சல் நிக்கிற மட்டும் பகல்லயும் நெட்டுக்குள்ள படுக்க வையுங்க, வீட்டில உள்ளாக்கள் நீட்டுக் கை உடுப்பு போடுங்க. காய்ச்சலே காட்டாம வைரஸைக் காவித் திரியிறாக்களும் இருக்கினம், அவங்களை இதால பிடிக்கேலாது, அது வேற.

ஷீட்டும் பிழைக்கும். போன மாரியில திருகோணமலைக் கடற்கரையில திருக்கடலூர்ப் பக்கம் கூரைப் பீலி, டயர், பிரிட்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டு எண்டு வீடு வீடா எண்ணினன், கணக்குப்படி கேஸ் வரக்கூடாது, வந்திச்சு. கடற்கரையில கடலுக்குப் போகாம ஏத்தி வச்சிருந்த ஒரு ஃபைபர் போட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. "மகன், அது உப்புத் தண்ணி, உப்புல நுளம்பு வராது" எண்டார் போட்டுக்காரப் பெரியவர். நக்கிப் பாத்தன், லேசா உவர்ப்புத்தான். அகப்பையால அள்ளி வெள்ளைக் கோப்பையில ஊத்திக் காட்டினன், குடம்பி துள்ளித் துள்ளி மேல வந்து கீழ போகுது. கடலோரத்துல உவர்த் தண்ணியிலயும் இந்த நுளம்பு வளருது எண்டு மட்டக்களப்பு, யாழ்ப்பாணப் பக்கம் நம்மட விஞ்ஞானிகள் எப்பவோ எழுதிட்டாங்க, நான்தான் போட்டை எண்ணாம விட்டவன்.

பெரியவர் ஒண்டும் பேசேல்ல. குனிஞ்சு போட்டின்ட அடிக் கட்டையைப் பிடுங்கி விட்டார், தண்ணி மணலுக்குள்ள இறங்கிச்சு. பக்கத்தில இன்னும் பதினொரு போட் நிண்டிச்சு.