பாப்-அப் பர்கர் ஸ்டால்: சொல் விளக்கம்

கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் விடுமுறை நாளில் பொழுதோட, அதாவது சாயங்காலம், கூடும் திறந்தவெளிச் சந்தைகளில் இப்போது கம்மங்கூழுக்கும் காளானுக்கும் பக்கத்திலேயே பர்கரும் விற்கிறது. இளவட்டங்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். கடையின் மேல் தொங்கும் பதாகையில் ‘பாப்-அப் பர்கர் ஸ்டால்’ என்று தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறது. மூன்று சொல்லும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. ஆனால் மூன்றையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. பர்கர் அப்படியே இருக்கட்டும். ஸ்டால் நமக்குத் தேவையே இல்லை. பாப்-அப் என்ற சொல் குறிக்கும் தொழிலோ கொங்கு நாட்டில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. அதற்கு நம் பேச்சிலேயே நேரான வழக்கு இருக்கிறது.

முதலில் பர்கர். இது ஓர் ஊர்ப்பெயரின் வால். வட ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் இருக்கும் துறைமுக நகரம் ஹாம்பர்க். ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கே எழுந்த ஹாம்மபர்க் என்ற கோட்டையிலிருந்து வந்தது அந்தப் பெயர். ஜெர்மானிய மொழிகளில் ‘பர்க்’ என்றால் கோட்டை, கோட்டை சூழ்ந்த ஊர். அதோடு ‘அர்’ என்ற ஈறு சேர்ந்தால் அந்த ஊரைச் சேர்ந்தவர், அந்த ஊருக்குரியது என்று பொருள். நாம் பொள்ளாச்சிக்காரர், ஈரோட்டுக்காரர் என்பதுபோல ஜெர்மானியர் ஹாம்பர்கர் என்கிறார்கள். பிராங்க்பர்ட் ஊரிலிருந்து பிராங்க்பர்ட்டர் என்ற குழல் இறைச்சி வந்ததும் இதே இலக்கணப்படிதான்.

19ஆம் நூற்றாண்டில் ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறி அமெரிக்கா போனவர்கள் ஏராளம். அந்தக் காலத்து அமெரிக்க உணவகங்களில் கொத்திச் சமைத்த மாட்டிறைச்சி ‘ஹாம்பர்க் ஸ்டேக்’ என்ற பெயரில் விற்றது. பிறகு அதே கறி ரொட்டிக்கு நடுவே போய் உட்கார்ந்தது. முதலில் வைத்தது யார் என்பதில் அமெரிக்காவின் பல ஊர்கள் உரிமை கொண்டாடுகின்றன. 1921இல் கேன்சஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் ‘ஒயிட் காசில்’ கடை தொடங்கியபோது இது மலிவு விலைத் தெருவோர உணவாகவே நிலைபெற்றுவிட்டது. முதல் உலகப் போரின்போது, ஜெர்மன் பெயர் வேண்டாம் என்று அமெரிக்கர்கள் இதைச் ‘சுதந்திர ஸ்டேக்’ என்று மாற்றிப் பார்த்தார்கள். போர் முடிந்ததும் பழைய பெயரே திரும்பிவிட்டது.

பர்கர் என்ற குட்டைச் சொல் பிறந்ததுதான் சுவையான செய்தி. ஆங்கிலத்தில் ‘ஹாம்’ என்றால் பன்றித் தொடைக்கறி. ஹாம்பர்கரில் பன்றிக்கறி இல்லவே இல்லை. ஆனாலும் ஆங்கிலக் காது அந்தச் சொல்லை ‘ஹாம்’ வேறு, ‘பர்கர்’ வேறு என்று பிரித்துக் கேட்டது. ஹாம்பர்க் + அர் என்று பிரிய வேண்டியது இடம் மாறிப் பிரிந்தது. அப்படிக் கிடைத்த துண்டுக்கு முன்னால் சீஸைச் சேர்த்தார்கள், மீனைச் சேர்த்தார்கள். 1930களிலேயே சீஸ்பர்கர் வந்துவிட்டது, பர்கர் தனிச்சொல்லாகவும் நடமாடத் தொடங்கியது.

இது எவ்வளவு விந்தையான வளர்ச்சி என்பதைப் புரிந்துகொள்ள நம் ஊர் எடுத்துக்காட்டே போதும். ஈரோட்டுக்கு அக்கரையில், காவிரிக்கரைப் பள்ளிபாளையத்தின் பெயரில் ஒரு கோழிக்கறி இருக்கிறது. மசாலாத் தூள் எதுவும் கொட்டாமல் காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல்லோடு வதக்கி எடுப்பது. யாராவது அந்தப் பெயரில் ‘பள்ளி’யை வெட்டிவிட்டு, மிச்சமுள்ள ‘பாளையம்’ என்பதே வறுவலின் பெயர் என்று எண்ணி, காளான் பாளையம், பனீர் பாளையம் என்று பலகை எழுதினால் எப்படி இருக்கும்? ஆங்கிலத்தில் நடந்தது அதேதான். பொருளும் ஏறக்குறையப் பொருந்துகிறது. பாளையம் என்றால் படை தங்கிய இடம், பாளையக்காரரின் ஆட்சிப் பகுதி. ஐரோப்பியருக்குப் பர்க் எப்படியோ, கோபிசெட்டிபாளையமும் பெரியநாயக்கன்பாளையமும் மேட்டுப்பாளையமும் நிறைந்த கொங்குக்குப் பாளையம் அப்படி. பர்கர் என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘பாளையத்தான்’ என்றுதான் வரும்.

‘பர்க்’ என்ற அதே வேரிலிருந்து வேறு சில சொற்களும் தமிழுலகுக்குள் வந்திருக்கின்றன. இலங்கையில் டச்சு வழிவந்தவர்களை ஆங்கிலத்தில் ‘பர்கர்’ என்றே அழைப்பார்கள். டச்சு மொழியில் அதற்கு நகரத்தான், குடிமகன் என்று பொருள். இலங்கைத் தமிழர் அவர்களைப் பறங்கியர் என்பார்கள். பொதுவுடைமை இயக்கத் துண்டறிக்கைகளில் வரும் ‘பூர்ஷ்வா’வும் பிரெஞ்சு வழியாக வந்த இதே நகரத்தான்தான். கோவையின் பஞ்சாலை வாயில்களில் மேடையேறி ஒலித்த அந்தச் சொல்லுக்கும் இன்று பொட்டலத்தில் கட்டித் தரும் பர்கருக்கும் வேர் ஒன்று. நம் ‘புரம்’ என்ற ஊர்ப்பெயர் ஈற்றையும் ‘பர்க்’கோடு உறவு சொல்வோர் உண்டு. ஒலி நெருக்கம் மட்டுமே அதற்குக் காரணம். புரம் சமஸ்கிருத வழி வந்தது, அதன் வேர் வேறு.

சரி, பர்கருக்குத் தமிழ்ச்சொல் வேண்டுமா? ஊர்ப்பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. மைசூர்பாகு எங்கே போனாலும் மைசூர்பாகுதான். பர்கரும் அப்படியே இருக்கலாம். தமிழ் எழுத்துக்கும் அது இடைஞ்சல் செய்யவில்லை. ‘பர்கர்’ என்று எழுதினால் ‘மார்கழி’யில் ஒலிப்பதுபோலக் ககரம் மெலிந்து ஒலிக்கும். ‘பர்க்கர்’ என்று ஒற்று மிகுந்தால் வல்லோசையாகிவிடும். அதனால் ஒற்றில்லாத வடிவமே சரி.

பர்கரின் உள்ளே இருப்பவற்றுக்கு இந்தச் சலுகையைத் தர எனக்கு மனம் வரவில்லை. கடைக்குப் பக்கத்தில் நின்று கவனித்துப் பாருங்கள். தோசைக்கல் போன்ற கனத்த இரும்புக்கல் நன்றாகக் காய்ந்ததும் கொத்துக்கறி உருண்டையை வைத்து, அடிப்பாகம் தட்டையான கரண்டியால் ஓங்கி அழுத்துகிறார்கள். ஈரம் சுர்ரென்று ஆவியாகிப் போக, ஓரமெல்லாம் சல்லடைபோல மெலிந்து பழுப்பேறுகிறது. சரியான சமயத்தில் சுரண்டித் திருப்பிப் போடுகிறார்கள். அதே கல்லின் ஓரத்தில், குறுக்கே அரிந்த பன்னை வெண்ணெய் தடவிய பக்கம் கீழே இருக்கும்படி வாட்டி எடுக்கிறார்கள். கறியை முழுசாக அழுத்த வேண்டும், பன்னைத் தொட்டும் தொடாமலும் வாட்ட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். வரிசை மெதுவாக நகர்வது இதனால்தான்.

அந்தத் தட்டைக் கறியின் ஆங்கிலப் பெயரை அப்படியே ‘பேட்டி’ என்று எழுதினால் தமிழ் படிப்பவருக்கு நேர்காணல்தான் நினைவுக்கு வரும். பேக்கரிக்காரர்கள் ‘கட்லெட்’ என்கிறார்கள். பிரெஞ்சில் அது சிறு விலா எலும்பைக் குறித்த சொல். பொரித்த உருளைக்கிழங்கு வட்டத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நமக்கோ ‘கறிவடை’ கையிலேயே இருக்கிறது. தட்டிப் போடுவது வடை, கறியால் தட்டினால் கறிவடை, காயால் தட்டினால் காய்வடை. பர்கருக்குள் இருப்பது கறிவடை என்று சொன்னால் ஆத்தாவுக்கும் புரியும், பேத்திக்கும் புரியும். இரண்டு வட்டத்துக்கு நடுவே எதையாவது வைத்துத் தின்பதும் நமக்குப் புதிதல்ல. சேலத்துத் தள்ளுவண்டிகளில் இரண்டு தட்டுவடைக்கு நடுவே கேரட், பீட்ரூட் துருவலும் சட்னியும் வைத்துத் தருகிற ‘செட்’ வேறென்ன?

மாட்டுக்கறியோ பன்றிக்கறியோ இல்லாத பர்கர் இந்தியாவில் ஊன்றியதற்கு 1996ஐக் குறிப்பிடலாம். அந்த ஆண்டுதான் மெக்டொனால்ட்ஸ் டெல்லியில் முதல் கடையைத் திறந்தது. உருளைக்கிழங்கு வடை வைத்த பர்கர் அதன் அடையாளமாயிற்று. ஹாம்பர்க் ஊரும் போய், மாட்டுக்கறியும் போய், நடுவில் எதையாவது வைத்த பன் என்ற வடிவம் மட்டும் பெயரில் மிஞ்சியது. கொங்கு நாட்டில் டீ குடிக்கவே ‘பேக்கரிக்குப் போலாங்களா?’ என்று கேட்கும் வழக்கம் இருப்பதால் பன்னுக்குப் பழகிய நாக்கு ஏற்கெனவே இங்கே இருந்தது. பேக்கரிக்கு அடுமனை என்று பலகை எழுதுகிறார்கள். அடுதல் என்றால் சமைத்தல். வெதுப்பகம் என்பதும் உண்டு. இரண்டில் அடுமனையே நாவில் எளிதாகப் புரள்கிறது.

அடுத்து ஸ்டால். ஆங்கிலத்தில் இதன் பழம்பொருள் மாடு நிற்கும் இடம். கொங்கில் கட்டுத்தரை என்கிறோமே, அதுதான். பிறகு சந்தையில் வியாபாரி நிற்கும் இடத்துக்கும் அந்தப் பெயர் ஆகிவந்தது. தமிழில் கடை என்பதற்குப் பண்டசாலை என்ற பொருளோடு வாயில், ஓரம், முடிவு என்ற பொருள்களும் உண்டு. ஓரமாக ஒரு சாக்கை விரித்து நாலு கூறு தக்காளி வைத்தாலும் அது கடை, மாடி மாடியாகக் கட்டினாலும் கடை. இவ்வளவு விரிந்த சொல்லை வைத்துக்கொண்டு ஸ்டால் என்று எழுதுவானேன்?

இனி பாப்-அப். ‘பாப்’ என்பது மூடி தெறிக்கும் ஓசை. எதிர்பாராமல் எழும்பி நிற்பது பாப்-அப். இந்த நூற்றாண்டில்தான், சில நாள் மட்டும் இருந்து மறையும் கடைகளுக்கு இது பரவலான பெயராயிற்று. தமிழில் ‘திடீர்க் கடை’ என்று எழுதுவோர் இருக்கிறார்கள். திடீர் இட்லி, திடீர் சாம்பார் என்று அவசரச் சமையலுக்குப் பழகிப்போன சொல் அது. இந்தக் கடையோ முன்கூட்டியே நாள் குறித்து வருவது. அரசு அறிவிப்புகள் தீபாவளிப் பட்டாசுக்குத் ‘தற்காலிகக் கடை’ என்கின்றன. பொருள் சரிதான், ஆனால் உரிமம் கேட்கும் மனுவுக்கு ஏற்ற சொல், வாயில் வராது.

மக்கள் இதைப் பெயர்ச்சொல்லில் வைக்கவில்லை, வினையில் வைத்திருக்கிறார்கள். ‘டவுன்ஹால்ல கடை வெச்சிருக்காருங்க’ என்றால் நிலையான கடை. ‘சந்தையில கடை போட்டிருக்காருங்க’ என்றால் இன்றைக்கு மட்டும். வைப்பது நிலைக்கும், போடுவது எடுக்கப்படும். போட்டதை எடுப்பதற்கும் தனி வினை உண்டு. ‘ஏனுங்கக்கா, எப்பக் கடை கட்டுவீங்க?’ என்று வரிசையில் நிற்கும் பையன் கேட்டால், ‘பன்னு தீந்துச்சுன்னா கட்டிருவமுங்க தம்பி’ என்று பதில் வரும். விரித்த சரக்கை மூட்டையாகக் கட்டியதிலிருந்து வந்தது இந்த வழக்கு. கூடாரத்தையும் எரிவாயு அடுப்பையும் ஆட்டோவில் ஏற்றும் இந்தக் காலத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது. சந்தைக்கும் இதே இலக்கணம்தான். சந்தை கூடும், சந்தை கலையும். யாரும் சந்தையைத் திறப்பதுமில்லை, மூடுவதுமில்லை. கல்லில் வேகும் பர்கரையும் ‘ரெண்டு போடுங்கக்கா’ என்றுதான் கேட்கிறோம். கடையும் போடுவது, பர்கரும் போடுவது.

பெயர்ச்சொல் கட்டாயம் வேண்டுமென்றால் இடத்தைச் சேர்த்துச் சொல்வதே கொங்கு வழக்கம். சந்தையில் போட்டால் சந்தைக்கடை, தேர் நோம்பியில், அதாவது தேர்த் திருவிழாவில், போட்டால் தேர்க்கடை. கோனியம்மன் தேருக்கு ராஜவீதி நெடுக முளைக்கும் வளையல் கடையும் பொரிகடலைக் கடையும் தேர்க்கடைகள்தாம். பொள்ளாச்சிச் சந்தை, புன்செய்ப் புளியம்பட்டிச் சந்தை, கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் விழாவில் கூடும் குதிரைச் சந்தை என்று கொங்கு நாட்டு நாட்காட்டியே சந்தைகளால் ஆனது. அங்கெல்லாம் வியாபாரிகள் இன்று ஓர் ஊரில் போட்டு, நாளை இன்னோர் ஊரில் போடுகிறார்கள். பாப்-அப் என்ற பெயர் இல்லாமலே அந்தத் தொழில் நடக்கிறது.

சந்தை என்பதைக் கன்னடத்தில் சந்தெ, தெலுங்கில் சந்த, மலையாளத்தில் சந்த என்கிறார்கள். இதைவிடப் பழைய ஆட்சி உடையது அங்காடி. மதுரைக்காஞ்சி பகல் சந்தையை நாளங்காடி என்றும் இரவுச் சந்தையை அல்லங்காடி என்றும் சொல்கிறது. அல் என்றால் இரவு. கன்னடத்தில் ‘அங்கடி’ இன்றும் கடைக்கான அன்றாடச் சொல். கன்னடம் பேசும் தாளவாடி மலையில் அதைக் கேட்கலாம். தமிழிலோ பல்பொருள் அங்காடி, நியாயவிலை அங்காடி என்று பலகைகளில் மட்டும் தங்கிவிட்டது. ‘நைட் மார்க்கெட்’ என்று விளம்பரம் செய்பவர்கள் அல்லங்காடியை எடுத்தாண்டால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இரவில் நடக்கும் வணிகம் இந்தப் பக்கத்துக்குப் புதிதே அல்ல. ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் இரவே தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கிறது.

பலகை எழுதுவோருக்கு ஒரு குறிப்பும் உண்டு. கோழி என்று தமிழில் எழுதினால் ஒற்று மிகும்: கோழிப்பர்கர், நாட்டுக்கோழிப்பர்கர். சிக்கன் என்று எழுதினால் மிகாது: சிக்கன் பர்கர். காளான் பர்கருக்கும் ஒற்று வேண்டாம். ஆக, ‘பாப்-அப் பர்கர் ஸ்டால், திஸ் சண்டே’ என்பதற்குப் பதில் ‘நாட்டுக்கோழிப்பர்கர் சந்தைக்கடை, ஞாயிறு பொழுதோட போடறோமுங்க’ என்று எழுதலாம்.